இரவல் போன அண்டா

மட்டாஞ்சேரியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு அயலாரோடு முதல் உறவை உண்டாக்குவது பெரும்பாலும் ஒரு பாத்திரந்தான். மலையாளிகளும் கொங்கணியரும் குஜராத்தியரும் நெருங்கி வாழும் இவ்வூரில், மொழி பழகுமுன்னரே இரவல் பழகிவிடுகிறது. 'செம்பு' வேண்டுமென்று வந்தவரிடம் நாங்கள் தண்ணீர்ச் செம்பை நீட்டினோம்; அவர் சிரித்தார். மலையாளத்தில் செம்பு என்பது விருந்துக்குச் சமைக்கும் பெரிய பாத்திரம் அன்றோ! நாங்களும் சிரித்து, அண்டாவை எடுத்துக் கொடுத்தோம்.

அது எங்கள் அன்னையார் சீராகக் கொணர்ந்தது; விளிம்பில் அவர் பெயர் வெட்டியிருந்தது. விருந்து முடிந்தது, அண்டா வரவில்லை. கேட்பதற்கு நாங்கள் கூசினோம். நாள் கடந்துவிட்டதால் கொடுப்பதற்கு அவர்கள் கூசினார்கள். பின்னர்த் தெருவில் கண்டாலும் இரு வீட்டாரும் முகம் திருப்பிச் சென்றோம். அவர்கள் வேறூருக்குக் குடிபெயர்ந்தபோது அண்டாவும் போயிற்று; அதற்கு முன்பே நட்பும் போயிருந்தது.

இந்தக் கூச்சம் தேவையற்றது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 160ஆம் பிரிவில், காரியம் முடிந்தவுடன் பொருளைக் கேளாமலே திருப்பித் தருவது பெற்றவர் கடமை என்கிறது. அண்டாவுக்காக எவரும் நீதிமன்றம் ஏறுவதில்லை. எனினும், கேட்பவர் பக்கமே நியாயம் உண்டென்று அறிந்தால் நா எழும்.

அருகே ஃபோர்ட் கொச்சியில் தோபிக்கானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே சலவைத் தொழில் செய்கின்றனர். 1976இல் அமைந்த அந்த இடத்தை வண்ணார் சங்கம் நடத்துகிறது. பல வீட்டுத் துணிகள் ஒரே வெளியில் உலர்கின்றன. உலர்ந்தபின் அவரவர் வீடு சேர்கின்றன. குறி, எண்ணிக்கை, கொடுக்கும் நாள் ஆகிய இம்மூன்றுமே சலவைத் தொழிலின் ஆதாரம். இரவலுக்கும் இவையே போதும். பாத்திரத்தில் பெயர் இருக்கட்டும். கொடுத்ததை நாட்காட்டியில் குறிப்போம். "வெள்ளிக்கிழமை எங்களுக்கு வேண்டும்" என்று கொடுக்கும்போதே இன்முகத்துடன் சொல்லிவிடுவோம். முதல் வாரத்தில் கேட்பது நினைவூட்டல். ஓராண்டு கழித்துக் கேட்பதோ குற்றச்சாட்டு.

பிறரைச் சொல்லுமுன் நம் பரணையும் ஒருமுறை பார்ப்போம். வேறு பெயர் வெட்டிய தூக்கோ, யாருடையதோ ஆகிய சேவைநாழியோ அங்கே இருக்கக்கூடும். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரலாகாது என்பது நம் வீடுகளின் வழக்கம். ஒரு பிடி சர்க்கரையிட்டு, இன்றே கொண்டு கொடுப்போம்.