கடலில் பேசிய தொலைபேசியும் கரையில் கிடைத்த விலையும்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

 

கம்பியில்லாத் தொலைபேசியும் கம்ப்யூட்டர் இணைப்புகளும் வியாபாரத்திற்கு எவ்வாறு உதவுகின்றன என்பது பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டுக்கொண்டுள்ளார்கள். பொதுப்படையாகப் பேசினால் பொழுதுதான் போகும். ஆகவே நமது பக்கத்து மாநிலமாகிய கேரளத்தில் மீன் விற்ற கதை ஒன்றை விவரமாகச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். மீனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மீனும் தக்காளியும் ஒரு ஜாதி. காலையில் விலை போகாவிட்டால் மாலையில் குப்பைக்குத்தான் போகும். அந்த நஷ்டம் தங்களுக்குத் தெரியாததல்ல.

வடகேரளத்தில் கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு மாவட்டக் கடற்கரை நெடுகிலும் சில மைல்களுக்கு ஒன்றாகக் கரைச்சந்தைகள் உண்டு. மத்தி மீன்தான் அங்கு ஏழைகளின் அன்றாட உணவு. விடியற்காலையில் படகுகள் கரைக்கு வரும், வியாபாரிகள் காத்திருப்பார்கள், சில மணி நேரத்தில் ஏலம் முடிந்துவிடும். மத்தியைச் சேமித்து வைக்க வசதியில்லை. படகுக்காரர் தமது ஊர்க் கரைக்குத்தான் வருவார். வந்த பின்னரே அன்றைய விலை தெரியும். விலை படுத்துவிட்டால் வேறு கரைக்குப் போகலாமே என்றால், எரிபொருள் செலவு ஒருபுறம், அங்கே போய்ச் சேருவதற்குள் சந்தை கலைந்துவிடுமே என்ற பயம் மறுபுறம்.

ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளியல் அறிஞர் 1996ஆம் ஆண்டு முதல் 2001ஆம் ஆண்டு வரை இந்தக் கரைகளில் 15 சந்தைகளை வாரந்தோறும் கவனித்து விலையைக் குறித்து வந்தார். 1997 ஜனவரி மாதத்தில் ஒரு நாள். வடகரையில் 11 படகுக்காரர்கள் பிடித்துவந்த மீனை வாங்க ஆளில்லாமல் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே காலையில் 15 கி.மீ. தூரத்திற்குள் இருந்த வேறு கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு கரையில் மீன் மணலில் கிடக்கிறது. அடுத்த கரையில் கூடை காலியாக இருக்கிறது. கடல் செய்த குற்றமில்லை. செய்தி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

அந்த 1997ஆம் ஆண்டிலேயே கோழிக்கோடு பகுதிக்குக் கைத்தொலைபேசி வந்தது. அடுத்த ஆண்டு கண்ணூர் பகுதிக்கும், 2000ஆம் ஆண்டில் காசர்கோடு பகுதிக்கும் வந்தது. கோபுரங்கள் கடற்கரையை ஒட்டிய ஊர்களில் நின்றதால் கரையிலிருந்து 20, 25 கி.மீ. தூரம் வரை கடலுக்குள்ளும் பேச முடிந்தது.

இது எப்படி என்று சிலர் கேட்கலாம். கைத்தொலைபேசி என்பது ஒரு சிறிய ரேடியோ. நாம் பேசுவதை அது மெல்லிய மின்காந்த அலையாக மாற்றி அருகிலுள்ள கோபுரத்திற்கு அனுப்புகிறது. கோபுரத்திலிருந்து கண்ணாடி இழைக் கம்பி வழியாகவோ வேறு அலை வழியாகவோ செய்தி தொலைபேசி நிலையத்தை அடைகிறது. எந்தத் தொலைபேசி எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருக்கிறது என்ற கணக்கை அங்குள்ள கம்ப்யூட்டர்கள் இடைவிடாமல் வைத்துக்கொள்கின்றன. அதனால்தான் நாம் பஸ்ஸில் போனாலும் அழைப்பு நம்மைத் தேடி வருகிறது. ஆக, கம்பியில்லாத் தொலைபேசி என்று சொன்னாலும் கம்பி இல்லாத இடம் நமக்கும் கோபுரத்திற்கும் நடுவில் உள்ள துண்டு மட்டுமே. கடலில் மரமும் மேடும் மறைப்பதில்லை. அலை நெடுந்தூரம் போகும். மலையடிவாரத் தோட்டங்களிலும் அடர்ந்த தோப்புகளிலும் தொடர்பு அறுந்து போவதற்கு மறைப்பே முக்கிய காரணம். பம்புசெட்டைக் கைத்தொலைபேசி மூலம் இயக்கும் ஸ்டார்ட்டர் வாங்குகிறவர்கள், கிணற்றடியில் தொடர்பு சரியாகக் கிடைக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. பல இடங்களில் ஆண்டெனாவை நாலடி உயர்த்திக் கட்டினாலே போதுமானது.

கடலுக்கு வருவோம். அன்று கைத்தொலைபேசி மலிவான பண்டமல்ல. வருகிற அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டிய காலம் அது. இருந்தும் படகுக்காரர்கள் வாங்கினார்கள். வலையை இழுத்து முடித்ததும் கடலில் இருந்தபடியே இரண்டு மூன்று கரைகளுக்குப் பேசுவார்கள். எந்தக் கரையில் எத்தனை படகு வந்திருக்கிறது, யார் என்ன விலைக்கு எடுப்பார் என்று கேட்டு, விலையைப் பேசி முடித்துக்கொண்டு அந்தக் கரைக்குப் படகைத் திருப்புவார்கள். தொலைபேசி வருவதற்கு முன் பெரும்பாலும் எல்லோரும் ஊர்க் கரையிலேயே விற்றார்கள். வந்த பின் ஏறத்தாழ 35 சதவீதம் பேர் வேறு கரைகளிலும் விற்கத் தொடங்கினார்கள். முன்பு பிடித்த மீனில் 5 முதல் 8 சதவீதம் வரை வீணாகிக்கொண்டிருந்தது. அது அநேகமாக நின்றுவிட்டது. கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசம் வெகுவாகக் குறைந்தது. படகுக்காரரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் உயர்ந்தது. மீன் வாங்கிச் சமைக்கும் குடும்பத்திற்கோ விலை 4 சதவீதம் குறைந்தது.

விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம் என்றால் யார் பணம் அது என்று சந்தேகம் வரும். மணலில் கொட்டப்பட்ட மீனின் பணம்தான் அது. தொலைபேசி ஒரு மீனைக்கூடக் கூடுதலாகப் பிடித்துத் தரவில்லை. பிடித்த மீனை வேண்டியவரிடம் சேர்த்தது.

இதில் இரண்டு விஷயங்களைத் தாங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலாவது, அவர்கள் விலை கேட்டது சரக்கு கரையேறுவதற்கு முன்னால். நம்மில் பலர் காய்கறியைப் பறித்து, பெட்டியில் அடைத்து, வண்டியில் ஏற்றிய பிறகு போகும் வழியில் விலை கேட்கிறோம். அப்போது விலை தெரிந்து ஆவதென்ன? மனம்தான் கெடும். விலை கேட்க வேண்டிய நேரம் பறிப்புக்கு ஆள் சொல்வதற்கு முதல் நாள் மாலை. அன்று விலை சரியில்லையென்றால், ஒரு நாள் தள்ளிப் பறிக்க முடிகிற பயிராயிருந்தால் தள்ளிப் பறிக்கலாம். இரண்டாவது, அவர்கள் விலையைக் கேட்டதோடு நிற்கவில்லை. வாங்குபவரிடம் பேசி முடித்துக்கொண்டார்கள். "அந்த ஊரில் இன்று நல்ல விலை" என்ற செய்தியை மட்டும் நம்பி எல்லோரும் அங்கே ஓடினால், நாம் போய் இறங்கும்போது அங்கே விலை இராது.

தொலைவான சந்தையின் விலையைக் கேட்டவுடன் மயங்கிவிடவும் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்திற்காக நான் வைத்துக்கொண்டவை. தங்களிடம் 15 கிலோ பெட்டியாக 100 பெட்டி தக்காளி இருக்கிறது. மொத்தம் 1,500 கிலோ. அருகிலுள்ள மண்டியில் கிலோ 12 ரூபாய். விற்றுவரவு 18,000 ரூபாய். கமிஷன் பத்து சதவீதம் 1,800, வண்டி வாடகை 1,000, இறக்கு கூலி 300 போக, கைக்கு வருவது 14,900 ரூபாய். தொலைவிலுள்ள மண்டியில் கிலோ 15 ரூபாய் என்று தொலைபேசியில் சொல்கிறார்கள். வழியில் நசுங்கி 60 கிலோ கழிந்தால் மீதி 1,440 கிலோ, விற்றுவரவு 21,600. கமிஷன் 2,160, வாடகை 3,500, இறக்கு கூலி 300 போக 15,640 ரூபாய். கிலோவுக்கு மூன்று ரூபாய் அதிகம் என்று கேட்டது, கடைசியில் 740 ரூபாயில் வந்து நிற்கிறது. இரவுக் கண்விழிப்பும் சாப்பாட்டுச் செலவும் இதில் சேரவில்லை. அதே மண்டியில் 17 ரூபாய் என்றால் கைக்கு 18,232 ரூபாய் வரும், அப்போது போகலாம். இந்தக் கணக்கைத் தொலைபேசி போட்டுத் தராது. கேட்கும்போதே கமிஷன், இறக்கு கூலி, தள்ளுபடி எல்லாம் போக நிகரம் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி, மனதுக்குச் சங்கடமான ஒரு பகுதி. கேரளக் கரைகளைப் பின்னாளில் மீண்டும் ஆராய்ந்த ஜானகி ஸ்ரீனிவாசன், ஜென்னா பரல் ஆகிய இருவரும் 2013ஆம் ஆண்டில் வேறொரு பக்கத்தையும் எடுத்துக்காட்டினார்கள். கையில் தொலைபேசி இருந்தாலும் எல்லாப் படகுக்காரரும் விரும்பிய கரையில் விற்றுவிட முடிவதில்லை. படகு வாங்கவும் வலை வாங்கவும் ஏலத் தரகரிடம் பணம் வாங்கியவர் அந்தத் தரகர் மூலமாகவே விற்றாக வேண்டும். அடுத்த கரையின் விலை அவர் காதில் விழும். படகு மட்டும் திரும்பாது.

நமது கிராமங்களிலும் இதே நிலைமை உண்டு. விதைக்கும் உரத்திற்கும் மண்டியில் முன்பணம் வாங்கியவர், விலை விசாரித்து என்ன செய்வார்? தரகர் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வங்கி கதவடைத்த நாளில், ஆஸ்பத்திரிச் செலவுக்கு இரவில் பணம் கொடுத்தவரும் அவராகவே இருப்பார். ஆனால் அந்தப் பணத்திற்கு வட்டி, கடன் சீட்டில் மட்டும் எழுதப்பட்டிருப்பதில்லை. கிலோவுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று விலைக் குறைவிலும் மறைந்து நிற்கிறது. அருகிலுள்ள வேறு மண்டியின் விலையை ஒரு பருவம் முழுவதும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தால், முன்பணத்தின் உண்மையான வட்டி எவ்வளவு என்று தெரிந்துவிடும். கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க் கடன் வட்டியை அதன் அருகில் வைத்துப் பாருங்கள். ஒரேயடியாக முடியாவிட்டாலும், ஒரு பகுதிக் கடனை இந்தப் பக்கம் மாற்றி, ஒரு பகுதி விளைபொருளையாவது விருப்பப்படி விற்கும் உரிமையைத் தரகரிடம் பேசிப் பெற்றுக்கொள்ளலாம். தொலைபேசி வாங்குவதைவிட இது கடினமான காரியம் என்பதை நான் அறிவேன்.

தானியம், எண்ணெய் வித்து போன்ற காத்திருக்கக்கூடிய சரக்குக்கு வேறோர் அனுபவம் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் சோயா மொச்சை வாங்குவதற்காக ஐ.டி.சி. நிறுவனம் 2000ஆம் ஆண்டில் 'இ-சௌபால்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. கிராமத்து விவசாயி ஒருவரின் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்தார்கள். தொலைபேசிக் கம்பி சரியில்லாத ஊர்களில் செயற்கைக்கோள் வழியாக இணைப்பு; மின்சாரம் நிற்கும்போது சூரிய சக்தி. சுற்றுப்பட்ட மண்டிகளின் விலையும், நிறுவனம் தரும் விலையும் வண்டி பூட்டுவதற்கு முன்பே தெரிந்தன. நிறுவனத்தின் கொள்முதல் நிலையத்தில் மின்னணு எடைப் பாலமும் இருந்தது. விவசாயி தமக்குப் பிடித்த இடத்தில் விற்கலாம். அபராஜிதா கோயல் என்பவர் இதை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, இந்த நிலையங்கள் வந்த பகுதிகளில் மண்டி விலையே 1 முதல் 3 சதவீதம் வரை உயர்ந்தது. கம்ப்யூட்டர் பக்கமே போகாமல் பழைய மண்டியில் விற்றவருக்கும் இந்த உயர்வு கிடைத்தது. விவசாயிக்கு வேறு வழி இருக்கிறது என்று வியாபாரிக்குத் தெரிந்ததே காரணம். ஒன்றிரண்டு சதவீதம் பெரிதா என்று நினைக்கலாம். 50 குவிண்டால் விற்பவருக்கு அது ஒரு குவிண்டாலின் விலை.

2016 ஏப்ரல் 14ஆம் நாள் தொடங்கப்பட்ட தேசிய மின்னணு வேளாண் சந்தையிலும் இதே தத்துவம்தான். நமது ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் பலவும் இதில் சேர்ந்துள்ளன. வியாபாரி தமது இடத்திலிருந்தே விலை கோரலாம்; பக்கத்தில் நிற்பவர் என்ன விலை போட்டார் என்று அவருக்குத் தெரியாது. சரக்கை நேரில் பாராதவர் விலை போட வேண்டுமானால் தரச் சான்று அவசியம். எனவே ஈரப்பதம் கூடிய சரக்கை அப்படியே கொண்டுபோனால் கம்ப்யூட்டரும் காப்பாற்றாது. களத்தில் நன்றாக உலர்த்தி, தூற்றி, தரம் பிரித்துக் கொண்டுபோங்கள். விலை பிடிக்காவிட்டால் அன்று விற்க மறுக்கவும் தங்களுக்கு உரிமை உண்டு. பணம் வங்கிக் கணக்குக்கு வரும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். கைத்தொலைபேசியில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் எதுவும் தேவையில்லை. பணம் அனுப்புகிறேன், ரகசிய எண்ணைப் போடுங்கள் என்று யாராவது சொன்னால் அவர் எடுக்க வந்தவர்.

இணைய வசதியுள்ள கைத்தொலைபேசி வைத்திருப்போர், தமிழ்நாடு அரசு 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட 'உழவன்' செயலியில் சந்தை விலையைப் பார்க்கலாம். சாதாரணத் தொலைபேசி வைத்திருப்போர், 2004ஆம் ஆண்டு முதல் செயல்பட்டுவரும் கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பதில் சொல்வார்கள்.