திறப்பின்றித் திறக்கும் கலை



தமிழ்நாட்டின் திண்டுக்கல் பூட்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. பூட்டுச் செய்வது கலையெனில், திறப்பின்றி அதைத் திறக்கப் பழகுவதும் கலையே. “கள்வர் வித்தையை இளைஞருக்குப் போதிப்பதா?” எனப் பெரியோர் வினவலாம். நியாயமான வினாவே.

1851இல் இலண்டனில், நெடுங்காலம் எவரும் திறவாத பிராமாவின் பூட்டை, அமெரிக்கரான ஹொப்ஸ் 16 நாட்களில் 51 மணி நேரம் முயன்று திறந்து, 200 கினி பரிசு பெற்றார். அவர் களவாகத் திறக்கவில்லை. உரியவர் அறியத் திறந்தார். பூட்டுச் செய்வோரும் தம் குறை அறிந்தனர்.

பழகும் முறை இது: பழைய உருளைப் பூட்டொன்றைப் பிரித்து, உள்ளிருக்கும் முளைகளில் ஒரு சோடியை மட்டும் விட்டு மூடுங்கள். உருளையை மெல்லத் திருப்பிப் பிடித்தபடி முளையை உயர்த்துங்கள். சோடியின் பிளவு உருளையின் விளிம்புக்கு வந்ததும் பூட்டுத் திறக்கும். அது கைவந்தபின் இரண்டு, மூன்று, ஐந்து எனக் கூட்டுங்கள். அடுத்தவை இடை சிறுத்த முளைகள். திறந்துவிட்டதுபோல் காட்டி ஏமாற்றும். அவசரக்காரன் அங்கே தோற்பான்.

தம்பிமாரே! உங்கள் பூட்டிலேயே பழகுங்கள். பிறர் பூட்டாயின் உரியவர் கேட்டாலன்றித் தொடாதீர்கள். கல்முனையில் தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழ்கின்றோம். வெளியூர் செல்லும் அயலவர் வீட்டுத் திறப்பை நம்மிடம் தந்துசெல்லும் நம்பிக்கை, இக்கலையினும் பெரிது. அதைக் காப்பவனே இதைக் கற்கத் தகுந்தவன்.