பனியில் விழுவது எப்படி?

(குடியரசு தின விழாவில் பேசியது)

என் கைக்கட்டைப் பார்த்து லிஃப்டில் எல்லோரும் விசாரிக்கிறீர்கள். மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

போன வார இறுதியில் நானும் மனைவியும் காஷ்மீரில் குல்மார்க் போயிருந்தோம். சுமார் 2,650 மீட்டர் உயரம். ஒரே பலகையில் இரு கால்களையும் பூட்டிக்கொண்டு பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டிங் பழக ஆசை. "முதலில் பயிற்சியாளரிடம் விழக் கற்றுக்கொள்வோம்" என்றார் மனைவி. நான் கேட்கவில்லை. முதல் சறுக்கலிலேயே உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டில் எலும்பு விரிசல்.

அவரும் பலமுறை விழுந்தார். ஆனால் விரல்களை மடக்கி, முன்கை படும்படி விழுந்தார். மறுநாள் அழகாகச் சறுக்கினார். நான் இடது கையால் படம் எடுத்தேன்.

நீங்கள் போனால் ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு அவசியம். தாழ்வான சரிவிலேயே பழகுங்கள். கொண்டோலாவில் அஃபர்வத் மலைமேல் போய்ச் சறுக்குவது தேர்ந்தவர்களுக்கு மட்டும். அங்கே பனிச்சரிவு அபாயம் உண்டு.

அடுத்த குளிர்காலம் மறுபடி போகிறோம். முதல் வகுப்பு எனக்குத்தான்.