குடியிருப்போர் கட்டும் நகரம்

கோயம்புத்தூர் 1866-ல் நகராட்சியானது, 1981-ல் மாநகராட்சியானது. 2011-ல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் ஆகிய மூன்று நகராட்சிகளும், வடவள்ளி, வீரகேரளம், துடியலூர், வெள்ளக்கிணறு, சின்னவேடம்பட்டி, சரவணம்பட்டி, காளப்பட்டி ஆகிய ஏழு பேரூராட்சிகளும், விளாங்குறிச்சி ஊராட்சியும் சேர்ந்து 100 வார்டுகள் கொண்ட இன்றைய நகரம் உருவானது. சோளக்காடாகவும் தென்னந்தோப்பாகவும் இருந்த நிலங்கள் ஒரு தலைமுறைக்குள் நகர்களாகவும் காலனிகளாகவும் மாறின. வீடுகள் முதலில் வந்தன. சாலை, சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் எல்லாம் மெதுவாகப் பின்னால் வந்தன. அந்த இடைவெளியில்தான் குடியிருப்போர் நலச்சங்கங்கள் பிறந்தன. தெருவில் தேங்கிய மழைநீரை எங்கே வடிப்பது என்ற கேள்வியில் தொடங்கி, பூங்கா, குளம், குப்பை, பேருந்து நிறுத்தம் வரை அவற்றின் வேலை விரிந்தது.

இந்த ஊரில் குடிமக்களே பொதுவேலையைக் கையிலெடுப்பது புதிய பழக்கம் அன்று. 1892-ல் எழுந்த விக்டோரியா டவுன்ஹால் ஊர்ப் பெருமக்களின் முயற்சியில் கட்டப்பட்டது. மாமன்றக் கூட்டங்கள் அங்கேதான் நடக்கின்றன. அந்த முயற்சியில் முன்னின்ற சே.ப. நரசிம்மலு நாயுடு பத்திரிகையாளர், நகராட்சி உறுப்பினர். சிறுவாணி நீரை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வலியுறுத்தியவர். அந்த நீர் குழாயில் வருவதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. நகராட்சித் தலைவராக இருந்து அதை நிறைவேற்றிய சி.எஸ். ரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத்தான் ஆர்.எஸ்.புரம் தாங்கி நிற்கிறது. ஒருவர் கேட்டார், வேறொருவர் முடித்தார். நடுவில் கோரிக்கை சாகாமல் பார்த்துக்கொண்டவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை. குடியிருப்போர் பணியின் இயல்பே அது. தொடங்குவது எளிது, ஆட்கள் மாறினாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வது கடினம்.

கோவையில் இந்தக் கடினத்தை முழுமையாகக் காட்டுவது ‘ரிசர்வ் சைட்’. தமிழ்நாட்டின் மனைப்பிரிவு விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்பவர், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். பூங்கா, விளையாட்டுத் திடல் போன்ற பொதுப் பயன்பாட்டுக்கான இடம் அது. வரைபடத்தில் அது பச்சையாகத் தெரியும். தரையில் கதை வேறாக இருக்கும். சில லே-அவுட்டுகளில் தானப்பத்திரமே எழுதப்பட்டிருக்காது. சிலவற்றில் எழுதியும் வருவாய்த்துறைப் பதிவேட்டில் பெயர் மாறியிருக்காது. பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே தொடரும். பிறகு அவருடைய வாரிசுகள் அந்த இடத்தை மனையாக்கி விற்பார்கள். வேறு சில இடங்களில் முதலில் ஒரு தகரக் கொட்டகை, அடுத்து ஒரு சுற்றுச்சுவர், அடுத்து மின் இணைப்பு என்று ஆக்கிரமிப்பு படிப்படியாக முற்றும்.

அப்படிப் போன இடத்தை மீட்பது கூட்டம் கூட்டி முழக்கமிடும் வேலை இல்லை. காகிதம் தேடும் வேலை. நகர ஊரமைப்புத் துறை ஒப்புதல் அளித்த மூல வரைபடம் வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும். நகர அளவைப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்க வேண்டும். 2005-ல் அந்தச் சட்டம் வந்தது இப்போராட்டத்தில் பெரிய திருப்பம்; அதுவரை அலுவலகப் பீரோவில் கிடந்த கோப்புகளின் நகல் தெருவாசியின் கைக்கு வந்தது. ‘கோயம்புத்தூர் கன்ஸ்யூமர் காஸ்’ போன்ற நுகர்வோர் அமைப்புகள் இந்த ஆவண வழியை ஊருக்குப் பழக்கின. மனுவும் நினைவூட்டலும், தேவைப்பட்டால் உயர் நீதிமன்ற வழக்கும் சேர்ந்ததால், மாநகராட்சி பல ரிசர்வ் சைட்டுகளை மீட்டிருக்கிறது. இடத்தின் மதிப்பு இன்றைய விலையில் கோடிகளில் போகும் என்பதால் எதிர்ப்பும் அதே அளவுக்கு இருக்கும். தனி ஆளால் அதைத் தாங்க முடியாது. சங்கத்தின் பெயரில் மனு போவதன் பொருள் அதுதான்.

மீட்ட பிறகு என்ன செய்வது என்பதில்தான் பல சங்கங்கள் தோற்கின்றன. கம்பி வேலி போட்டு, ‘மாநகராட்சிக்குச் சொந்தமான இடம்’ என்று பலகை வைத்ததோடு ஊக்கம் வடிந்துவிடுகிறது. முட்செடி வளர்ந்து, கட்டட இடிபாடுகள் கொட்டப்பட்டு, மறுபடி யாரோ நுழைகிறார்கள். ஒரு நடைபாதை, நான்கு பெஞ்சு, பத்து வேப்பமரம், மாலையில் விளையாட வரும் பிள்ளைகள் இருந்தால் ஆக்கிரமிப்பாளருக்கு அங்கே வேலையில்லை. பயன்படுத்துவதே காவல்.

தெருவின் அளவைத் தாண்டிய அடுத்த களம் குளம். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலின் குறுக்கே அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து ராஜவாய்க்கால்கள், அவற்றின் வழியே நிரம்பும் குளங்கள் என்று ஒரு பழைய நீர்ச்சங்கிலி இந்த மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு குளத்தின் மிகைநீர் அடுத்த குளத்துக்குப் போகும். கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, முத்தண்ணன் குளம், சுமார் 320 ஏக்கர் பரப்புள்ள உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர், குறிச்சி எல்லாம் இந்த ஏற்பாட்டின் உறுப்புகள். வயல்கள் இருந்தவரை பாசனக்காரர்கள் வாய்க்காலைத் தூர்வாரினார்கள். அந்தக் குடிமராமத்தைக் கட்டாயமாக்க 1858-ல் சென்னை மாகாணம் சட்டம் இயற்றியது. அது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. வயல்கள் வீடுகளான பிறகு வாய்க்காலைக் கேட்க ஆளில்லை. சாக்கடை அதில் கலந்தது.

2000-களின் தொடக்கத்தில் வந்த கடும் வறட்சியில் போர்வெல்கள் வற்றிய பிறகே ஊர் விழித்தது. 2003-ல் ‘சிறுதுளி’ அமைப்பு தொடங்கப்பட்டது. தொழில் நிறுவனங்களும் கல்லூரிகளும் பொதுமக்களும் சேர்ந்து குளங்களைத் தூர்வாரவும் மழைநீரைச் சேமிக்கவும் இறங்கினார்கள். 2013-ல் உக்கடம் பெரியகுளத்தில் மாநகராட்சியோடு சேர்ந்து பெருந்திரளான மக்கள் மண்வெட்டியும் கூடையுமாகத் தூர்வாரினார்கள். 2017 முதல் ‘கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு’ ஞாயிற்றுக்கிழமைதோறும் குளக்கரையில் கூடி வேலை செய்துவருகிறது. வெள்ளலூர் குளத்துக்கான வாய்க்காலை அடைப்பு நீக்கி நீர் கொண்டுவந்ததும், கரையில் மியாவாக்கி முறையில் நாட்டு மரங்களை நெருக்கமாக நட்டு வளர்த்ததும், பட்டாம்பூச்சிகளுக்கென ஓர் இடம் உருவானதும் அதன் தொடர்ச்சி. அந்தக் குளத்தின் கதையில் கவனிக்க வேண்டியது மரங்களைவிட வாய்க்கால். குளத்தை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் மேலே வாய்க்கால் அடைத்திருந்தால் நீர் வராது. ஆக, ஒரு பகுதியின் குளம் நிறைய வேண்டுமானால் மைல் கணக்கில் மேலே இருக்கும் வேறொரு பகுதிக்காரர்கள் குப்பை போடாமல் இருக்க வேண்டும். தம் தெருவை மட்டும் பார்த்துக்கொள்ளும் சங்கம் இங்கே போதாமல் போகிறது.

குப்பையிலும் இதே உறவு. நகரத்தின் குப்பை வெள்ளலூர்க் கிடங்குக்குப் போகிறது. அதைச் சுற்றியுள்ள மக்கள் துர்நாற்றத்தோடும் ஈயோடும் நிலத்தடி நீர்க்கேட்டோடும் வாழ்கிறார்கள். தீப்பிடித்தால் நாள்கணக்கில் புகை. 2024 ஏப்ரலிலும் அப்படித்தான் எரிந்தது. அவர்கள் சேர்ந்து அமைத்த கூட்டுக்குழு பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் வாதாடியிருக்கிறது. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. பிரிக்காமல் ஒரே வாளியில் கொட்டும் ஒவ்வொரு வீடும் வெள்ளலூர்க் குழந்தைகளின் மூச்சில் கை வைக்கிறது. வேறெந்தக் குடிமைக் கடமையிலும் காரணமும் விளைவும் இவ்வளவு நேராக இணைந்திருப்பதில்லை.

சென்னையில் 1989-ல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம் குப்பைப் பொறுப்பைத் தெரு அளவில் ஏற்றுச் செய்துகாட்டியது. ஒரு தெருவின் வீடுகள் மாதச் சந்தா சேர்த்து, மூன்று சக்கர வண்டியோடு ஒருவரை அமர்த்தி, வீட்டுவாசலில் குப்பை சேகரித்தன. கராச்சியின் ஒராங்கியில் 1980-ல் அக்தர் ஹமீது கான் தொடங்கிய திட்டம் இன்னும் ஆழமானது. அங்கே ஒரு சந்து ஓர் அலகு. சந்தின் வீடுகள் தம் பணத்திலும் உழைப்பிலும் சந்துச் சாக்கடையைக் கட்டின. பெரிய வடிகாலும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று வேலை பிரிக்கப்பட்டது. எது தெருவாசியின் வேலை, எது அரசின் வேலை என்ற தெளிவு அங்கே வெற்றியின் பாதி. கோவைச் சங்கங்களுக்கு இந்தத் தெளிவு இன்னும் தேவை. வரி கட்டும் மக்கள் தார்ச்சாலைக்கும் சந்தா வசூலிக்கத் தொடங்கினால் மாநகராட்சி தன் கடமையை மறந்துவிடும். ஒரு கைப்பிடி இலைச்சருகுக்கும் மாநகராட்சியைக் கூப்பிட்டால் தெரு தன் கடமையை மறந்துவிடும். அரசின் ‘நமக்கு நாமே’ திட்டம் மூன்றில் ஒரு பங்காவது மக்கள் தந்தால் மீதியை அரசு தரும் என்று இந்தப் பகிர்வுக்கு ஒரு வடிவம் கொடுக்கிறது. பணமுள்ள பகுதிகளே அதை முதலில் எட்டிப்பிடிக்கும் என்ற குறையும் அதில் இருக்கிறது.

யார் குடியிருப்போர் என்பது இந்தப் பொருளின் மிகக் கூர்மையான கேள்வி. பெரும்பாலான நலச்சங்கங்கள் சொந்த வீட்டுக்காரர்களின் சங்கங்கள். வாடகைக்கு இருப்பவர், மில் லைன் வீடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்தவர், பட்டறையின் மேல்மாடியில் தங்கும் வடமாநிலத் தொழிலாளி, காலையில் தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளர் ஆகியோருக்குச் சங்கக் கூட்டத்தில் நாற்காலி இருப்பது அரிது. 2016-ல் முதல் சுற்றிலேயே கோவை ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குத் தேர்வானது. குளக்கரைகள் நடைபாதையும் விளக்குமாக மாறின. அந்தக் கரைகளில் குடிசையும் ஓட்டு வீடுமாக வாழ்ந்த குடும்பங்கள் கீரணத்தம், வெள்ளலூர், மலுமிச்சம்பட்டி போன்ற ஓரப்பகுதி அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. வேலையும் பள்ளியும் ஊருக்குள், வீடு ஊருக்கு வெளியே. குளம் சுத்தமானது நன்மை. அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்காத சங்கம் தன் பகுதியில் பாதிப் பேரைக் கணக்கில் எடுக்காத சங்கம்.

எல்லோரையும் கணக்கில் எடுப்பதற்குச் சட்டம் ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டுக் குழுக்களை அமைக்கச் சொன்னது. தமிழகத்தில் அது உயிர் பெறப் பல ஆண்டுகள் பிடித்தன. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்து, 2022 பிப்ரவரி தேர்தல் வரை கோவை கவுன்சிலர்களே இல்லாமல் அதிகாரிகளின் நிர்வாகத்தில் இருந்தது. அந்த ஆண்டுகளில் தெருவிளக்கு எரியாததைச் சொல்லக்கூட நலச்சங்கச் செயலாளர்தான் இருந்தார். 2022-ல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின. பகுதி சபையில் அந்தப் பகுதி வாக்காளர் அனைவரும் உறுப்பினர். வீடு சொந்தமா, வாடகையா, லைன் வீடா, குடிசையா என்ற கேள்வி அங்கே இல்லை. வாக்குரிமையை ஊரில் விட்டுவந்த வடமாநிலத் தொழிலாளிக்கு மட்டும் அந்த வாசலும் இன்னும் திறக்கவில்லை. நலச்சங்கத்தைவிடப் பகுதி சபை அகலமானது. நலச்சங்கமோ பகுதி சபையைவிட அடிக்கடி கூடுவது. சங்கம் கண்டறிந்ததைச் சபை தீர்மானமாக்கினால் இரண்டுக்கும் வலு.

சங்கம் நிலைப்பதற்குத் தேவையானவை எளியவை. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு, ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கு, கூட்டத் தீர்மானப் புத்தகம், தேர்தல். ஒரே ஆள் பதினைந்து ஆண்டு தலைவராக இருக்கும் சங்கம் அவருடைய மூட்டுவலியோடு படுத்துவிடும். பராமரிக்கும் பொறுப்பையும் தொடக்கத்திலேயே முடிவுசெய்ய வேண்டும். திருப்பூரில் 2015-ல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ இயக்கம் பத்து லட்சத்துக்கும் மேல் மரம் நட்டது. நட்டதைவிட முக்கியம், நீர் ஊற்றிக் காப்பதாக ஒப்புக்கொண்ட நில உரிமையாளரின் இடத்திலேயே நடுவதென்ற அதன் முறை. யார் பராமரிப்பார் என்று தெரியாமல் தொடங்கிய வேலை பெரும்பாலும் ஒரு புகைப்படத்தோடு முடிகிறது.

இந்த மண்டபத்தில் இன்று பட்டம் பெறுகிறவரின் படிப்புக்கு இந்த வேலைகளிலெல்லாம் இடமிருக்கிறது. மழைநீர் எந்தச் சரிவில் ஓடும் என்று மட்டம் பார்த்துச் சொல்லக் கட்டடப் பொறியாளர் வேண்டும். சந்தாக் கணக்கைச் சந்தேகத்துக்கு இடமின்றி எழுத வணிகவியல் படித்தவர் வேண்டும். தானப்பத்திரத்தைப் படித்து மனு எழுதச் சட்டம் பயின்றவரும், போர்வெல் நீரைச் சோதிக்க வேதியியல் படித்தவரும், லைன் வீடுகளுக்கும் தொழிலாளர் விடுதிகளுக்கும் போய் அழைக்கச் சமூகப்பணி கற்றவரும் வேண்டும். இன்று பல சங்கங்களில் இந்த வேலைகளை ஓய்வுபெற்றவர்கள் மட்டுமே தூக்கிச் சுமக்கிறார்கள்; அவர்களின் கோப்புகளை வாங்கிக்கொள்ள அடுத்த தலைமுறை வரவில்லை. வேலை எந்த ஊரில் கிடைத்தாலும், குடியேறும் இடத்தில் ஒரு தெருவும் ஒரு வார்டும் இருக்கும். அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு இந்த மண்டபத்திலிருந்து பட்டத்தோடு போகும் ஒவ்வொருவரும் போக வேண்டும். போகும்போது தம் லே-அவுட்டின் மூல வரைபடத்தின் நகல் ஒன்றை வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும்.