புழைக்கடையும் குடிப்பெருமையும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டுக் கூட்டத்தில் யாதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபொழுது, தமிழாசிரியனாகிய யான் பண்டை நூல்களின் சுவையைப் பற்றியோ, நம் முன்னோர் பெருமையைப் பற்றியோ பேசுவேன் என்றே எண்ணியிருத்தல் கூடும். யான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் அவர்கள் சிறிது தயங்கி, "ஐயா, இது பெண்டிரும் பிள்ளைகளும் கூடிய அவையிலே பேசத் தக்கதுதானா?" என்று வினவினார்கள். அவ்வினா முறையானதே. எனினும், எப்பொருளை அவையிற் பேச நாணுகின்றோமோ, அப்பொருளிலேதான் பெரும்பாலும் தவறு மண்டிக் கிடக்கின்றது. ஆதலின், நம் வீடுகளின் புழைக்கடையிலே மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் மலக்கழிவுத் தொட்டியைப் பற்றி, மக்கள் வழக்கில் செப்டிக் டேங்க் எனப்படும் அதனைப் பற்றி, இன்று சில கூற விழைகின்றேன். பொறுத்துக் கேட்டருள்க.

முதற்கண் சொல்லிலிருந்து தொடங்குவதே ஆசிரியத் தொழிலுடையார்க்கு இயல்பு. செப்டிக் என்னும் சொல், அழுகச் செய்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. பிரான்சு தேசத்து மூரா என்பவர் 1881ஆம் ஆண்டில் இத்தகைய தொட்டி ஒன்றிற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். பின்னர் 1895ஆம் ஆண்டையொட்டி, இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரத்துப் பொறியாளராயிருந்த டொனால்டு காமரூன் என்பவர் இதனைத் திருத்தி அமைத்து இப்பெயரையும் இட்டார். எனவே இஃது அழுக்கை ஒளித்துவைக்கும் பெட்டியன்று. அழுகச் செய்து குறைக்கும் கருவி என்பதை முதலில் மனத்திற் கொள்க.

அக்கருவி தொழில்படும் முறை எளிது. தொட்டியிற் புகுந்த கழிவு அசையாது நிற்குங்கால், கனத்த பொருள் அடியிற் படிந்து கசடாகின்றது; எண்ணெயும் கொழுப்பும் பாலின்மேல் ஆடை படிவதுபோல மேலே ஏடாக மிதக்கின்றன; இடைப்பட்ட நீர் மறுபுறத்துக் குழாய்வழி வெளியேறுகின்றது. அடியிற் படிந்த கசடைக் காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் தின்று குறைக்கின்றன. குறைக்கின்றனவேயன்றி முற்றும் அழிப்பதில்லை. எஞ்சியது ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வரும். வெளியேறும் நீரும் தெளிந்ததுபோலத் தோன்றினும் தூயதன்று. நோய்க்கிருமிகள் அதிலே நிறைந்துள்ளன. ஆதலின் அந்நீரைத் தெருச் சாக்கடையில் விடலாகாது. உறிஞ்சுகுழியில் விட்டு மண்ணால் வடிகட்டப்பெறச் செய்தல் வேண்டும்.

இவ்விரண்டு உண்மைகளையும் மறந்ததனால் விளைந்த பிழைகளே நம்மிடையே மிகுதி. நம் உறவினர் ஒருவர் வீட்டுக்குச் சென்றால், "தொட்டி கட்டி இருபது ஆண்டாயிற்று; ஒருமுறைகூட எடுத்ததில்லை" என்று பெருமையோடு கூறுகின்றார். அன்பர்களே! பால் இருபது ஆண்டு காயினும் பானையில் ஆடை படியவில்லை என்று ஒருவர் கூறின், பானையில் ஓட்டை உண்டு என்றன்றோ நாம் எண்ணுவோம்? எடுக்கப்படாத தொட்டி பெரும்பாலும் அடித்தளம் பூசப்படாத தொட்டி. அன்றேல் கசடு நிரம்பி, புகுந்தது புகுந்தவாறே வெளிச்செல்லும் தொட்டி. முன்னது நிலத்தடி நீரைக் கெடுக்கும்; பின்னது தெருவைக் கெடுக்கும். பெருமைக்குரிய செய்தி எனக் கூறப்படுவது உண்மையில் குற்றத்திற்குச் சான்றாகின்றது.

இனி விதிகளைக் கூறுவல். இந்தியத் தர அமைவனத்தின் 2470 எண்ணுள்ள விதிநூல், 5 பேர் வாழும் வீட்டிற்குத் தொட்டியின் உள்ளளவு குறைந்தது 1.5 மீட்டர் நீளமும் 0.75 மீட்டர் அகலமும், நீர் நிற்கும் ஆழம் 1 மீட்டரும் இருத்தல் வேண்டும் என்கின்றது. அடியும் பக்கமும் நீர் கசியாவண்ணம் பூசப்படல் வேண்டும். ஆவி போகும் குழாய் ஒன்று கூரைக்கு மேலே உயர்ந்து நிற்றல் வேண்டும். அதன் வாயிலே கொசு புகாமல் வலை கட்டுக. உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றிற்கும் இடையே குறைந்தது 18 மீட்டர், அஃதாவது ஏறக்குறைய 60 அடி, இடைவெளி வேண்டும். இக்காலத்து நெருங்கிய மனைகளில் இவ்வளவு இடம் கிடைத்தல் அரிது என்பதை யான் அறிவேன். அங்ஙனமாயின் கிணற்று நீரைக் காய்ச்சாமல் பருகற்க. மேலும், நம் கிணற்றுக்கு மட்டும் இடைவெளி பார்த்து, நம் குழியை அண்டை வீட்டார் கிணற்றை ஒட்டி வெட்டுதல் அறமன்று. மதிற்சுவர் மண்ணுக்குமேலே எல்லை வகுக்குமேயன்றி, மண்ணுக்குள் ஓடும் நீர்க்கு அதனால் எல்லை ஏது?

தாய்மார்களுக்குச் சில சொற்கள். நெகிழித் தாள், துணி, குழந்தையின் அணையாடை, மாதவிலக்குக் காலத்துத் துணி, பயன்படுத்திய சமையல் எண்ணெய் ஆகியவற்றைக் கழிப்பறையில் இடற்க. இவை எளிதில் அழுகா, குழாயை அடைக்கும். அடைத்த குழாயைத் திறக்க ஒருவன் கை விட வேண்டியதாகும். கடுமையான அமிலத்தையும் கிருமிநாசினிகளையும் நாள்தோறும் மிகுதியாக ஊற்றினால், நமக்காக உழைக்கும் நுண்ணுயிர்கள் மடிந்து தொட்டி தன் தொழிலை இழக்கும். கடைகளில் விற்கும் பொடிகளும் தேவையில்லை. சாணம் கரைத்து ஊற்றலும் வேண்டா. இயற்கையே போதிய நுண்ணுயிரைத் தருகின்றது. பாதாளச் சாக்கடை வந்துள்ள நகரத்தில் வாழ்வோரும் இவ்விதிகளுக்கு விலக்கல்லர். மழைநீரை அக்குழாயில் திருப்பிவிடுதலும் பெரும் பிழை. தெருவின் ஆள்நுழைவாய் பொங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கசடு எடுக்கும் காலத்தைப் பற்றி ஐயம் வேண்டா. 2 ஆண்டு முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது தொட்டியின் மூன்றில் ஒரு பங்கு கசடு ஏறியவுடன், எடுத்தல் வேண்டும். திருமண மண்டபம், மாணவர் விடுதி போன்ற இடங்களில் ஆண்டுதோறும் பார்த்தல் நன்று. ஏனெனில் ஒரே நாளில் பல நூறு பேர் பயன்படுத்துங்கால் நீர் வேகமாகப் புகுந்து கசடைக் கலக்கி வெளியே தள்ளும். எடுப்பதற்கு உறிஞ்சும் பொறி பூட்டிய கழிவுநீர் லாரி வரும். அதற்கு உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் உண்டா என்று கேளுங்கள். கொண்டு செல்லும் இடம் யாது என்றும் கேளுங்கள். தமிழ்நாட்டு அரசு 2014ஆம் ஆண்டிலேயே உள்ளாட்சி மன்றங்களுக்கு இதுபற்றிய வழிகாட்டு நெறிகளை வகுத்தளித்தது. செங்கற்பட்டு மாவட்டத்துக் கருங்குழிப் பேரூராட்சியில், லாரிகள் கொணரும் கசடைச் சுத்திகரிப்பதற்கென்றே நிலையம் ஒன்று அமைந்துள்ளது. அத்தகைய நிலையத்திற்கன்றி ஏரிக்கரைக்கோ ஓடைக்கோ லாரி செல்லுமாயின், நம் வீட்டு அழுக்கை நாமே ஊரின் குடிநீரிற் கொட்டினவர் ஆவோம். எடுத்தபின் தொட்டியைக் கழுவித் துடைக்க வேண்டா. சிறிது கசடு எஞ்சியிருத்தலே நுண்ணுயிர் மீண்டும் பெருகத் துணையாம்.

இதுகாறும் கூறியன பொறியாளர் கூறத் தக்கன. இனி யான் கூறப்போவதற்காகவே இம்மேடை ஏறினேன்.

தொட்டியின் மூடியைத் திறந்தால் உள்ளே காண்பது இருள் மட்டுமன்று. அழுகலிற் பிறந்த நச்சாவிகள் அங்கே தேங்கியுள்ளன. அவற்றுள் ஹைட்ரஜன் சல்பைடு என்பது அழுகிய முட்டை நாற்றமுடையது. நாற்றம் நம்மை எச்சரிக்கும் என்று நம்பியிராதீர்கள். அளவு மிகுந்தால் அவ்வாவி மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நின்றது என்று இறங்கினவன் மீண்டு வாரான். மீத்தேன் என்னும் ஆவி தீப்பற்றி வெடிக்க வல்லது. பழங்கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்த்த நம் பாட்டனார் வழக்கத்தை இங்கே கையாளற்க; தீக்குச்சியும் கிழிக்கற்க. ஒருவன் மயங்கி விழுந்தால் அவனைத் தூக்க இரண்டாமவன் இறங்குகின்றான். அவனும் விழ மூன்றாமவன் இறங்குகின்றான். செய்தித்தாளில் தந்தையும் மகனும், அண்ணனும் தம்பியும் ஒருங்கே மாண்டனர் என நாம் படிப்பது இவ்வாறே நேர்வது. எவரேனும் விழுந்துவிடின் பின்னால் இறங்காதீர்கள். தீயணைப்புப் படையினரை உடனே அழையுங்கள்.

ஈண்டு என் குற்றம் ஒன்றை மறையாது உரைக்கக் கடமைப்பட்டுள்ளேன். சில ஆண்டுகட்கு முன் ஐப்பசி மழையில் என் வீட்டுத் தொட்டி பொங்கி முற்றம் வரை வந்தது. மறுநாள் என் தங்கைக்கு வளைகாப்பு. லாரி வர இரண்டு நாள் ஆகும் என்றனர். ஒரு தரகரை அணுகினேன். அவர் இரவு ஒன்பது மணிக்கு ஒருவரை அழைத்து வந்தார். வாளியும் கயிறுமே அவர் கருவிகள். மூடியை நெம்பித் திறந்து, சட்டையைக் கழற்றி மடித்துத் துளசிமாடத்துக்கு அப்பால் வைத்துவிட்டு, விளக்கொளியில் என் முகத்தைப் பார்த்தார். "ஐயா, தாங்களா? தங்கள் வீடு என்று தெரிந்திருந்தால் கூலியே பேசியிருக்க மாட்டேனே" என்றார்.

அவர் என் பழைய மாணவர். எட்டாம் வகுப்பில் மூன்றாம் வரிசையில் அமர்ந்து, மனப்பாடச் செய்யுள்களைச் சொல் பிறழாமல் ஒப்பித்தவர். பள்ளிக்கு வாராது நின்றபொழுது, "எங்கே அவன்?" என்று ஒருநாள் வகுப்பிற் கேட்டேன், பின்னர்க் கேட்கவில்லை. அன்றிரவு அவர் என் வீட்டுப் புழைக்கடையில் நின்றார். அவர் பிறந்த குலம் யாது என்று யான் கூறவில்லை, நீங்களும் கேட்கவில்லை. கேளாமலே நம் எல்லார்க்கும் தெரிகின்றதே, அதுதான் இதன்கண் உள்ள கொடுமை.

மூடியை மூடச் செய்தேன். பேசிய கூலியைக் கொடுத்தேன்; அவர் வாங்க மறுத்துப் பின் வாங்கிக்கொண்டார். வளைகாப்பு மைத்துனர் வீட்டில் நடந்தது. உறவினர் சிலர் முகம் சுளித்தனர். இரண்டு நாள் கழித்து லாரி வந்தது. இழந்தது இவ்வளவே. ஆயினும், அவர் என்னை அறியாதவராயிருந்தால் யான் தடுத்திருப்பேனா என்னும் வினா இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை. தடுத்திருப்பேன் என்று துணிந்து கூற என் நா எழவில்லை.

சட்டம் இதனைக் குறித்துத் தெளிவாக உள்ளது. 2013ஆம் ஆண்டின் சட்டப்படி, உரிய காப்பின்றி மனிதரைக் கழிவுநீர்க் குழியிலோ மலக்கழிவுத் தொட்டியிலோ இறக்குவது எவர்க்கும் தடை. உள்ளாட்சி மன்றத்திற்கு மட்டுமன்று, வீட்டுக்காரராகிய நமக்கும் தடை. நேரே இறக்கினும் தரகர் வழி இறக்கினும் தடை. முதற் குற்றத்திற்கு 2 ஆண்டுவரை சிறையோ 2 இலட்சம் ரூபாய்வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இத்தகைய இறப்பிற்கு 10 இலட்சம் ரூபாய் ஈடு தருமாறு உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2023இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. "அவர் விரும்பித்தான் இறங்கினார்" என்பது விடையாகாது. பசியைக் காட்டிப் பெற்ற இசைவு இசைவு ஆமோ?

அன்பர்களே! நம் சங்கம் தோன்றியது எதற்கு? நம் குல மக்களை உலகம் மதித்தல் வேண்டும், நம் பிள்ளைகள் கற்றல் வேண்டும், எவர் முன்னும் நாம் கூனி நிற்றலாகாது என்பதற்காக. மதிப்பு வேண்டும் என்று கேட்கின்ற நாம், பிறர் குலத்தில் பிறந்தானொருவனை நம் மலத்துள் இறக்கிவிட்டு அவ்வேண்டுகோளை எந்த முகத்தோடு விடுப்போம்? வீட்டின் முன்கட்டில் கோலமும் மாவிலைத் தோரணமும் விளங்குகின்றன. குடியின் பெருமையை அறிய விரும்புவோர் புழைக்கடையையும் பார்த்தல் வேண்டும்.

ஆதலின் இவ்வவை முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றேன். முதலாவது, நம் திருமண மண்டபத்தின் தொட்டியையும் மாணவர் விடுதியின் தொட்டியையும் இம்மாதத்திலேயே தக்க பொறியாளரைக் கொண்டு பார்வையிடச் செய்தல். இரண்டாவது, ஒவ்வொரு வீட்டிலும் வரிச்சீட்டு வைக்கும் இடத்திலேயே ஒரு குறிப்பேடு வைத்து, தொட்டி எடுத்த நாளையும் அடுத்து எடுக்கவேண்டிய நாளையும் எழுதி வைத்தல். மழைக்கு முன்னரே எடுத்தால் இரவிலே தரகரைத் தேட வேண்டியதில்லை. மூன்றாவது, லாரிக்குரிய பணம் கொடுக்க இயலாத நம் எளிய குடும்பங்களுக்குச் சங்க நிதியிலிருந்து உதவுதல். பணமின்மையே பல வீடுகளில் வாளியையும் கயிற்றையும் அழைக்கின்றது. நான்காவது, எக்காரணத்தாலும் எம் வீட்டுத் தொட்டியில் மனிதரை இறக்கோம் என்று இங்கே எழுந்து நின்று உறுதி கூறுதல். லாரிக்கு யாரை அழைப்பது என்று அறியாதோர் 14420 என்னும் தொலைபேசி எண்ணுக்குக் கூறலாம்.

இவற்றுள் முதன்மூன்றும் செயற்குழு ஆராய்ந்து முடிவுசெய்ய வேண்டியன. நான்காவதற்குச் செயற்குழு வேண்டா. அவரவர் நெஞ்சம் போதும். அதனை முதலில் யானே கூறிக்கொள்கின்றேன்; அதற்குரிய காரணத்தை முன்னரே கேட்டீர்கள்.