நம் 100 யூனிட்டுக்குக் கணக்கு இருக்கிறது, அவர்களுடையதற்கு?

(திருவரங்குளத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"டேட்டா சென்டர் எல்லாம் சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் இருக்கு. அதைப் பத்தி நம்ம ஊர்ல எதுக்குப் பேசணும்?" என்று சற்று முன் ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். கட்டடம் சென்னையில் இருக்கிறது. ஆனால் அதற்குப் போகும் மின்சாரமும் உங்கள் வீட்டு விளக்குக்கு வரும் மின்சாரமும் ஒரே மின்தொகுப்பிலிருந்துதான் வருகின்றன. அந்தத் தொகுப்புக்கு ஆகும் செலவும் எல்லோர் தலையிலும்தான் விழுகிறது. இந்த ஒன்றியத்தின் நெடுவாசல் மக்கள் 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்தபோது, "வளர்ச்சி சரி, அதற்கு விலை கொடுப்பது யார்?" என்றுதான் கேட்டார்கள். அதே கேள்வியைத்தான் இங்கேயும் கேட்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. 100 மெகாவாட் டேட்டா சென்டர் ஒன்று இரவு பகலாக முழுச் சுமையில் ஓடினால், ஆண்டுக்கு 87 கோடியே 60 லட்சம் யூனிட் செலவாகும். நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதாவது ஆண்டுக்கு 600 யூனிட். அந்த ஒரு கட்டடம் தின்பது, 14 லட்சத்து 60 ஆயிரம் வீடுகளின் இலவச மின்சாரத்துக்குச் சமம்.

அவர்கள் யூனிட்டுக்குப் பணம் கட்டுகிறார்களே என்பார்கள். கட்டுகிறார்கள்தான். ஆனால் மின்சாரத்தின் செலவு யூனிட்டோடு முடிவதில்லை. அவ்வளவு பெரிய சுமைக்குத் துணைமின் நிலையம் வேண்டும், உயரழுத்தத் தடம் வேண்டும். சூரியன் மறைந்த பிறகு, தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்தில், மின்சந்தையில் யூனிட் 10 ரூபாய் உச்சவரம்பு வரைக்கும் போகிறது. டேட்டா சென்டருக்கு அந்த நேரமும் ஒன்றுதான், நடுப்பகலும் ஒன்றுதான். 100 மெகாவாட் கேட்ட நிறுவனம் 40 மட்டும் எடுத்தாலோ, பத்து ஆண்டில் கடையைக் கட்டிக்கொண்டு போனாலோ, கட்டிய தடத்தின் கடனும் வட்டியும் மின்வாரியத்தின் செலவுக் கணக்கில் ஏறும். அந்த மொத்தச் செலவைப் பங்குபோட்டுத்தான் ஒழுங்குமுறை ஆணையம் எல்லோருக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது.

2021இல் தமிழ்நாடு அரசு டேட்டா சென்டர் கொள்கையை வெளியிட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு மின்வரியை ஈடுகட்டுவது போன்ற சலுகைகள் அதில் உண்டு. இங்கே சொற்களைக் கவனியுங்கள். குடிசைக்குக் கொடுத்தால் 'இலவசம்', நிறுவனத்துக்குக் கொடுத்தால் 'ஊக்கச் சலுகை'. வாங்குகிறவர் யார் என்பதைப் பார்த்துப் பெயர் வைக்கும் இந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல. உதவித்தொகை வாங்கும் மாணவரைக் கூசவைக்கும் அதே நாக்குதான் இதையும் சொல்கிறது.

உண்மையில், கணக்கு ஒழுங்காக இருப்பது நம் பக்கம்தான். 2003 மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவுப்படி, ஒரு பிரிவினருக்கு மானியம் தர விரும்பும் அரசு அந்தத் தொகையை முன்கூட்டியே மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டும். குடிசைக்கும் 100 யூனிட்டுக்கும் அரசு தரும் மானியம் ஊரறியப் பதிவாகிறது. டேட்டா சென்டருக்காகப் போடும் கம்பியின் செலவு பொதுச் செலவில் கரைந்துபோனால், அதை மானியம் என்று யாரும் எழுதப்போவதில்லை.

இதைத் தடுக்க வழி இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநில ஆணையம், ஒரு பெரிய மின் நிறுவனத்தின் பகுதியில் 2025இல் புதிய டேட்டா சென்டர்களுக்குத் தனி விதி போட்டது. 25 மெகாவாட்டுக்கு மேல் கேட்டால், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கேட்ட அளவில் 85 விழுக்காட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். ஒப்பந்தம் 12 ஆண்டு வரை நீளும். அயர்லாந்தில் 2023இலேயே அளவிடப்பட்ட மின்நுகர்வில் 21 விழுக்காட்டை டேட்டா சென்டர்கள் எடுத்துக்கொண்டன. நாம் அந்த நிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் சட்டத்தின் 62ஆம் பிரிவே மொத்த நுகர்வு, நேரம், பயன்பாட்டின் நோக்கம் ஆகியவற்றைப் பார்த்துக் கட்டணத்தில் வேறுபாடு காட்ட ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது.

1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினரான அண்ணல் அம்பேத்கரின் பொறுப்பில்தான் மின்சாரக் கொள்கையும் இருந்தது. மலிவான, தாராளமான மின்சாரம் வேண்டும் என்று அவர் வாதாடினார். தொழில் வளர்ந்து வறுமை ஒழிய வேண்டும் என்பதே அவருடைய காரணம். ஆகவே நான் தொழிலுக்கு எதிராகப் பேசவில்லை. நம் பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பமும் ஏதோ ஒரு சர்வரில்தான் கிடக்கிறது. ஆனால் பொதுப்பணத்தில் சலுகை பெறும் இந்த நிறுவனங்களில் இடஒதுக்கீடு கிடையாது. நிலமில்லாத நம் மக்களுக்கு உழவர்க்கான இலவச மின்சாரமும் கிடையாது. பல ஊர்களில் சேரிக்குக் கம்பி வந்தது கடைசியில். செலவைப் பங்கு போடும்போது மட்டும் நாம் முதல் வரிசையில் நிற்க வேண்டுமா?

கேட்க வேண்டியவை மூன்று. டேட்டா சென்டருக்குத் தனிக் கட்டணப் பிரிவு வேண்டும். அவர்களுக்காகப் போடும் தடத்தின் செலவுக்கு அவர்களே நீண்டகால உறுதி தர வேண்டும். அவர்கள் பெறும் ஒவ்வொரு சலுகையும், நம் 100 யூனிட்டைப் போலவே, ரூபாயில் அச்சாக வேண்டும்.

இதை எங்கே கேட்பது? கட்டணத்தை நிர்ணயிக்கும் முன் மக்களின் கருத்தையும் ஆட்சேபத்தையும் ஆணையம் பரிசீலிக்க வேண்டும் என்கிறது 64ஆம் பிரிவு. 2022இல் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் கோவை, மதுரை, சென்னையில் நடந்தன. இங்கிருந்து மதுரைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். அதனால், புதுக்கோட்டையிலும் கூட்டம் நடத்துங்கள் என்பதே நம் முதல் மனுவாக இருக்கட்டும். இன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைவோம்.

ஜெய்பீம்.