தேவநீதி என்னும் ஒரு சொல்

ஒரு நூலைக் கற்பதனால் ஒருவருடைய சமய நம்பிக்கை மாறக்கூடுமோ என்று நீங்கள் வினவலாம். விவிலியத்தைக் கற்று அவ்வாறு மாறியவர் பலர். அவர்களுள் ஒரு சொல்லின் பொருளை ஆராய்ந்து தம் நம்பிக்கையையே புதிதாக்கிக்கொண்ட ஓர் ஆசிரியரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவரே ஜெர்மனி நாட்டு மார்ட்டின் லூதர்.

1505-ஆம் ஆண்டில் அவர் எர்பர்ட் நகரத்து மடம் ஒன்றிற் சேர்ந்து துறவியானார். நோன்பு, செபம், பாவ அறிக்கை ஆகிய எதிலும் அவர் குறை வைத்தாரில்லை. எனினும், செய்தது போதுமா என்ற ஐயம் அவரை வாட்டியது. 1512-இல் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் விவிலியப் பேராசிரியரானார். 1513-இல் சங்கீதங்களையும், 1515-இல் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தையும் பாடஞ் சொல்லத் தொடங்கினார். மாணவர் குறிப்பெழுதிக் கொள்ளும்பொருட்டு, வரிகளுக்கிடையே அகன்ற இடம் விட்டுச் சங்கீத நூலை அச்சிடச் செய்தாராம். பல்லாண்டு கரும்பலகை முன் நின்ற எனக்கு இச்செய்தி மிகவும் உவப்பானது.

அந்நிருபத்தின் முதல் அதிகாரம் 17-ஆம் வசனத்தில் ‘தேவநீதி’ என்ற சொல் வருகிறது. குற்றத்தை எடைபோட்டுத் தண்டிக்கும் நீதி அது என்றே லூதர் கற்றிருந்தார். நற்செய்தி என்று கூறப்படுவதிலும் தண்டனைதானா என்பது அவர் துயரம். அச்சொல்லையே தாம் வெறுத்ததாக, 1545-இல் தம் நூல் தொகுதிக்கு எழுதிய முன்னுரையிற் கூறுகிறார். ஆயினும் அவ்வசனத்தை அவர் விட்டாரில்லை. இரவும் பகலும் சிந்தித்து, முன்பின் உள்ள சொற்களோடு இயைத்துப் பார்த்தார். தேவன் தம்மிடம் வைத்துக்கொண்டு நம்மை அளக்கும் நீதியன்று அது, நம்புகிறவனுக்கு அவர் அளிக்கும் நீதி என்பது அப்போது புலனாயிற்று. இஃது எந்த ஆண்டில் நிகழ்ந்தது என்பதில் அறிஞர் ஒருமிக்கவில்லை.

தமிழ் மாணவர்க்கு இது எளிதில் விளங்கும். தொகைச்சொல் ஒன்று ஏழு பொருள் வரையில் தரலாம் என்கிறதே நன்னூல்! ‘வள்ளல் பொருள்’ எனின், வள்ளலிடம் உள்ள பொருளுமாம். வள்ளல் தந்த பொருளுமாம். முன்னதைக் கண்டு வறியவன் ஏங்குவான். பின்னதையோ கையில் பெற்றிருப்பான். லூதர் பயின்ற இலத்தீன் தொடரிலும் இவ்விருபொருளுக்கு இடமுண்டு.

தாம் கண்ட பொருளை அவர் உடனே முடிந்த முடிபாகக் கொள்ளவுமில்லை. தேவனுடைய வல்லமை, தேவனுடைய ஞானம் என வரும் பிற தொடர்களை நினைவிற் கொணர்ந்து, அவையும் அவ்வாறே பொருள்படுகின்றனவா என்று ஒப்பிட்டார். பின்னர் அகுஸ்தீனின் நூலொன்றைப் படித்து, ஏறத்தாழ அதே கருத்தை அங்கும் கண்டு மகிழ்ந்தார். மாணவர் கவனிக்க வேண்டிய இடம் இது.

இதனால் நற்செயல் வேண்டா என்று ஆகிவிடவில்லை. நீதியைப் பெறக் கொடுக்கும் விலை என்றிருந்த அறம், பெற்ற நீதியின் விளைவாயிற்று. 1520-இல் எழுதிய நூலில் மரத்தையும் கனியையும் உவமை காட்டி அவர் இதனை விளக்கினார். இத்தனையும் அறிந்த அவரே, 1543-இல் யூதரைப் பழித்துக் கொடிய நூலொன்றும் எழுதினார். அதனை மறைத்துவிட்டு அவரைப் புகழ என் மனம் ஒப்பவில்லை.

மேலைத் திருச்சபை பிளவுண்டதற்கு இக்கொள்கையும் ஒரு பெருங்காரணம். 1999 அக்டோபர் 31-ஆம் நாள், ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் இதன் அடிப்படை உண்மைகளில் தமக்குள் உடன்பாடு உண்டென்று கையொப்பமிட்டன. ரோமர் நிருபத்தின் அவ்வசனத்தை அந்த அறிக்கையும் சுட்டுகிறது.